மூக்கண்ணனின் ஜலதோஷம்

இடது உள்ளங்கையில் மூன்று சொட்டு டீசல் விட்டு, வலது கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே ஆகாயத்தைப் பார்க்கிறார். கை சூடானதும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறார். அந்த நேரத்தில் படகுத்துறையில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. நான் ஒருமுறை தெரியாத்தனமாக "மணி என்ன இருக்கும்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "போச்சு. இனிமே மொதல்லேர்ந்து மோந்து பாக்கணும்" என்று கையைத் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டுப் புதிதாக மூன்று சொட்டு விட்டார்.

அவர் படகு எஞ்சின் மெக்கானிக். முகத்துக்கு நேராக எல்லோரும் 'மேஸ்திரி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மூக்கண்ணன்'. மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சராசரிதான். ஆனால் அதற்கு அவர் கொடுக்கும் மரியாதை சராசரி இல்லை. வாசனைச் சோப்பு போடமாட்டார். பவுடர் பூசிய ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு இடம் போய்விடுவார். காலையில் பட்டறையைத் திறந்ததும் வெறும் தண்ணீரால் மூக்கைக் கழுவி, இரண்டு துவாரத்தையும் மாற்றி மாற்றி அடைத்து இழுத்துப் பார்ப்பார். பாட்டுக்காரர்கள் சுருதி பார்ப்பது மாதிரி இது அவருக்கு.

பட்டறை துறையின் கோடியில், தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஸ்பானர்கள் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டால் வரைந்து வைத்திருப்பார். எந்த ஸ்பானர் காணவில்லை என்பதைச் சுவரே சொல்லிவிடும். ஜன்னல் கட்டையில் ஐந்து கண்ணாடிப் பாட்டில்கள். ஐந்திலும் டீசல். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது.

"பேரு எழுதினா மூக்கு சோம்பேறி ஆயிடும் சார்."

என்னிடம் ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினார். லாரிக்குப் போடுவது ஒன்று. படகுக்கென்று சிவப்புச் சாயம் கலந்து வருவது ஒன்று. குளிர் காலத்தில் உறைந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் நீர்க்கச் செய்தது ஒன்று; அதில் மண்ணெண்ணெய் வாடை தூக்கலாக இருக்குமாம். நாலாவது, இப்போது புதிதாக வந்திருப்பது, செடியிலிருந்து எடுத்த எண்ணெய் கலந்தது. "இதுல சமையல்கட்டு வாசனை லேசா இருக்கும் பாருங்க." ஐந்தாவது வருஷக்கணக்கில் டாங்கில் கிடந்து கெட்டுப்போனது. டீசல் கெட்டுப்போகும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அடியில் தண்ணீர் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், கறுப்பாகச் சளி மாதிரி வரும் என்று சொல்லி மூடியைத் திறந்தார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். எனக்கு மற்ற நாலும் ஒரே வாசனைதான். அதைச் சொன்னதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எழுதப் படிக்கத் தெரியாதவனைப் பார்ப்பது போல. நான் அக்கரை அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அந்தப் பார்வையை நான் பிறர் மேல் வீசித்தான் பழக்கம்.

எஞ்சின் சோர்ந்துபோனால் அவர் முதலில் பார்ப்பது புகையை. "கரும்புகை தள்ளினா காத்து பத்தலை. வெள்ளையா வந்தா உள்ள தண்ணி. நீலமா வந்தா ஆயில எரிக்குது. புகையே இல்லாம மூஞ்சி தொங்கிப்போச்சுன்னா டீசல் வந்து சேரலை, எங்கயோ வழியில நிக்குது." இந்தப் பாடத்தை மனிதர்களுக்கும் பொருத்துவார். கத்துகிற ஆள் கரும்புகை. மாதக் கடைசியில் நான் வாடிய முகத்தோடு வந்தால், "சாருக்கு பில்டர் அடைச்சிருக்கு, யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க" என்பார். புகை பார்த்த பிறகு ரெண்டாவது வேலை, எந்தப் படகானாலும் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். துறையில் படகு ஓட்டுகிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார். எஞ்சின் லேசாக இருமினால் போதும், எல்லோருடைய கையும் தானாக டாங்க் மூடிக்குப் போகும்.

அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு அவருடைய தங்கையுடையது. நாற்பது பேர் உட்காரலாம். நான் தினமும் போய்வருவது அதில்தான். ஓட்டுவதும் அந்த அம்மாள்தான். துறை முகப்பில் டீசல் பங்க் வைத்திருப்பது அவள் கணவர், அதாவது மூக்கண்ணனின் மாப்பிள்ளை. தங்கையின் படகு, மாப்பிள்ளையின் டீசல், அண்ணனின் ஸ்பானர் என்று இத்தனை வருஷமாக ஒரு குடும்பமே எங்களைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் படகுதான் சோர்ந்துபோனது.

வருஷத்துக்கு ஒருமுறை துறைமுக அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் ஆள் ஏற்ற உரிமம். நடுவில் சோர்ந்தால் உரிமம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த படகுக்குப் போய்விடும். போனது திரும்ப வந்ததாக இந்தத் துறையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இதற்காகப் படகைத் தேய்த்துக் கழுவிப் புது நீலப் பெயிண்ட் அடித்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்கள். சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் வம்பு ஆரம்பித்தது. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது பாதி தூரம் தாண்டியதும் எஞ்சின் வேகம் இறங்கும். புகை கிடையாது. குரல் மட்டும் கம்மிக்கொண்டே போகும். தங்கை மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பாள், இருக்கும். சற்று நேரத்தில் எஞ்சின் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். தினம் இதே கதை.

மூக்கண்ணன் ஏறி வந்தார். புகையைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். உள்ளங்கையில் மூன்று சொட்டு. கண்ணைத் திறந்தபோது முகம் சரியில்லை. அந்த வாரம்தான் பங்க்குக்குப் புது டீசல், அந்தச் செடி எண்ணெய் கலந்தது, வந்திருந்தது.

நேராகப் பங்க்குக்குப் போனார். அங்கே ஐந்தாறு படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"மாப்ள, இதுல என்ன கலந்தீங்க?"

"நான் என்ன மச்சான் கலக்கப்போறேன்? லாரியில வந்ததை அப்படியே டாங்குல எறக்கினேன்."

"லாரி ஆயிரம் சொல்லும். என் மூக்கு பொய் சொல்லாது."

அவ்வளவுதான். மாப்பிள்ளை குழாயை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். சாது மனிதர். மறுநாளிலிருந்து ஒவ்வொரு படகாக எதிர்க்கரைக்குப் போய் டீசல் நிரப்ப ஆரம்பித்தது. பங்க் வாசலில் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் ஊற்றாத குழாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார். தினமும் அவரைக் கடந்து போக எனக்கே சங்கடமாக இருந்தது.

மூக்கண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தப் புது டீசல் பழைய டாங்கின் அடியில் உறைந்து கிடக்கும் அழுக்கையெல்லாம் கரைத்து பில்டரில் கொண்டுவந்து அடைப்பது உண்டுதானாம். ஆனால் பில்டரை மூன்று தடவை கழற்றினார், மூன்று தடவையும் அது சுத்தமாக இருந்தது. காற்று பில்டரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீரில் இறங்கி, படகைத் தள்ளும் விசிறியில் கயிறு ஏதும் சுற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கடைசியில் டாங்கையே காலி செய்து எதிர்க்கரை டீசலை நிரப்பினார். மறுநாளும் எஞ்சின் அதே இடத்தில் படுத்தது. "பழைய விஷம் அடியில ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து அவர் மோந்து முடிப்பதற்குள் எஞ்சினுக்கு உயிர் வந்துவிடும். அதனால் தன் மூக்கு எதையோ நெருங்கிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு நாளுக்கு நாள் கூடியது.

தங்கைதான் பாவம். ஒருநாள் சுக்கானைப் பிடித்தபடி என்னிடம் சொன்னாள்: "அண்ணன் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கிறதில்ல. இவரு தட்டுல கைய வச்சிட்டு அப்படியே எந்திரிச்சுப் போறாரு. எஞ்சின் மட்டும்தான் சோர்ந்துபோச்சுன்னு நினைச்சீங்களா சார்? உரிமமும் போச்சுன்னா நான் இந்தக் கையை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?" நான் அக்கரை வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூக்கண்ணனுக்கு ஜலதோஷம் பிடித்தது. விசிறியில் கயிறு தேடித் தேடித் தண்ணீரில் முங்கியதன் பலன். சாதாரண மனிதனுக்கு அது ஒரு தும்மல், ரெண்டு கைக்குட்டை. அவருக்கோ சொத்தே பறிபோன மாதிரி. பட்டறையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஐந்து பாட்டில்களையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அஞ்சும் தண்ணி மாதிரி இருக்கு சார். கடையையே இழுத்து மூடிட்டாங்க" என்றார் அடைத்த குரலில். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அச்சகம் விடுமுறை. தங்கை கடைசியாக ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். அண்ணன், தங்கை, வேண்டாத வேலையாக நான். மூன்று பேரும் கிளம்பினோம். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் எஞ்சின் குரல் இறங்கியது. தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கண்ணன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"திறந்து என்ன பண்றது? மோந்து பாக்க மூக்கு எங்க இருக்கு?" என்று துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

யாரும் மூடியைத் தொடவில்லை. எஞ்சின் இன்னும் இறங்கியது, நாலு தடவை குலுங்கியது, நின்றேவிட்டது. இந்த மூன்று வாரத்தில் அது முழுசாக நின்றது அதுதான் முதல் தடவை. தங்கை நங்கூரத்தைப் போட்டாள். சுற்றிலும் பகல் வெயிலும் தண்ணீரும். படகின் வயிற்றில் அலை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் மோந்து பாக்கறேண்ணே" என்று அவளே போய் டாங்க் மூடியைத் திருகினாள்.

'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்தவர்கள் இழுத்து விடுவார்களே, அந்த மாதிரி. அதைத் தொடர்ந்து டாங்கின் தகரம் 'டொம்' என்று நிமிர்ந்தது.

துண்டு கீழே விழ மூக்கண்ணன் எழுந்தார். "என்ன சத்தம் அது?"

"டாங்க்தாண்ணே. காத்தை உள்ள இழுக்குது."

அவர் படகின் ஓரத்துக்குப் போய், குப்புறப் படுத்து, கைப்பிடிக் கம்பிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும் அல்லவா? அதற்கென்று டாங்கிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே வரும். மூச்சுக் குழாய் என்பார்கள். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினார். நீலப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கடியில் நாலு சுற்றுச் சுற்றிய பழுப்பு நிற டேப்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "அட! இதை யாருண்ணே ஒட்டினது? பெயிண்டர் பண்ணின வேலையா?"

தப்பித்துப் போக அகலமாக ஒரு வாசல் திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயிண்டர் அங்கே இல்லை, நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். மூக்கண்ணன் டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே சற்று நேரம் அதைப் பார்த்தார்.

"பெயிண்டர் இது மேல பெயிண்ட் மட்டும்தான் அடிச்சான். ஒட்டினது நான். படகைத் தேய்க்கும்போது டீசல்ல தூசி விழக்கூடாதேன்னு ஒட்டினேன். எடுக்க மறந்துட்டேன்."

அப்புறம்தான் எங்கள் மூன்று பேருக்கும் முழுசாக விளங்கியது. காற்று போக வழியில்லாமல் டாங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொண்டது, எஞ்சின் சோர்ந்தது. மோந்து பார்க்கிறேன் என்று இவர் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போய், எஞ்சின் தெளிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் இரைச்சலில் அந்தப் புஸ்ஸ் யார் காதிலும் விழவில்லை. நோயை மூன்று வாரம் மறைத்து வைத்தது அந்த மூக்கேதான். தன் பிழை தன் கண்ணில் படாது என்பது என் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது. எஞ்சின் தொழிலில் யாரும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மூக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"மாப்ள மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"மொதல்ல நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடட்டும்ணே. முழிக்கிறதை அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் அச்சகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டுத் துறைக்குப் போனேன். அதிகாரி கறாரான ஆள். படகில் ஏறியதிலிருந்து கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முப்பதாவது நிமிஷம் வந்தது. முப்பத்திரண்டு. நான் எனக்குத் தெரிந்த எழுத்துக்களையெல்லாம் மனசுக்குள் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து. எஞ்சின் குரல் ஒரு இழைகூட இறங்கவில்லை. நாற்பதாவது நிமிஷம் அதிகாரி நிமிர்ந்து, "என்னய்யா, டாங்கைத் திறந்து பாக்கலையா? நீங்க அடிக்கடி திறப்பீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"தேவையில்ல சார். அதுபாட்டுக்கு ஓடும்" என்றார் மூக்கண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

ஒரு மணி நேரமும் ஓடியது. அதிகாரி காகிதத்தைத் தொடை மேல் வைத்து ஓங்கி முத்திரை குத்தினார். தங்கை எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது ஐந்து வயது குறைந்திருந்தது. கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன். எனக்கு விசிலடிக்க வராது, வெறும் காற்றுதான் வந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மூக்கண்ணன் படகிலிருந்து இறங்கிப் பங்க்கைப் பார்த்து நடந்தார். விஷயம் தெரியாமல் படகுக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உரிமம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. மச்சானைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

மூக்கண்ணன் தொண்டையைச் செருமினார். ஜலதோஷத்தில் குரல் பாதிதான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா. மாப்ள டீசல்ல ஒரு குத்தமும் இல்ல. மூச்சுக் குழாயில டேப் ஒட்டினது நான். மறந்தது நான். பழியத் தூக்கி இவர் தலையில போட்டதும் நான்."

மாப்பிள்ளை கையிலிருந்த குழாயைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அப்போ இந்த டீசல்?" என்றார்.

"தங்கம் மாப்ள."

சொல்லிவிட்டு மூக்கண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை இறுக்க மூடி, முகத்தை மாப்பிள்ளைக்கு முன்னால் நீட்டினார். "இந்த மூக்கை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. குத்தணும்னா குத்துங்க. அறுக்கணும்னா அறுத்துடுங்க."

மாப்பிள்ளை அந்த மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிவந்துபோய், நுனியில் ஒரு சொட்டு தொங்க, அது பரிதாபமாகத்தான் இருந்தது. அவர் குழாயைக் கீழே வைத்தார். நாற்காலி முதுகில் கிடந்த வெளுத்த துண்டை எடுத்து உதறினார். அதை மச்சானின் மூக்கில் வைத்து, இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டார்.

"ம்... சீந்துங்க மச்சான்" என்றார்.

கண்ணைத் திறக்காமலே, படகுத்துறை முழுக்கக் கேட்கும்படி, மூக்கண்ணன் சீந்தினார்.